இறுகாத மூச்சு

அவள் சொன்னதைச் சரியாகத்தான் நினைவு வைத்திருக்கிறேனா என்று எனக்கே சந்தேகம். தண்ணீரின் நிறத்தை நானாகச் சேர்த்திருக்கலாம். அந்த மூச்சு மட்டும் நிஜம்.

துறைமுக மிதவைகளின் சங்கிலிகளைத் தண்ணீருக்குள் இறங்கிச் சோதிப்பது அவள் வேலை. நாத்தனாரும் கூட இறங்குவாள். கணவன் படகில் இருப்பான். முதுகுச் சிலிண்டரின் காற்றை வாய்க்குக் கொண்டுவரும் அவளுடைய பழைய ரெகுலேட்டருக்கு ஒரு குணம்: சிலிண்டரில் காற்று குறையக் குறைய மூச்சு இறுகும். இறுகினால் மேலேறிவிடுவாள். மிச்சக் காற்றைக் காட்டும் மீட்டரைத் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை.

கணவன் புதிதாக ஒன்று வாங்கிவந்தான்.

"இது பாலன்ஸ்டு. சிலிண்டர் நிறைஞ்சிருந்தாலும் குறைஞ்சாலும் ஒரே மாதிரி காத்து வரும்."

"உங்க பேச்சு மாதிரின்னு சொல்லுங்க."

"அப்ப பழசு எனக்கு, அண்ணி," என்று நாத்தனார் பறித்துக்கொண்டாள். "உங்க அறிவும் கொஞ்சம் ஒட்டியிருக்கும்."

முப்பது மீட்டர் ஆழத்தில் பச்சை மங்கிச் சாம்பலானது. சங்கிலியின் கண்ணிகள் கனவில் வரும் படிக்கட்டுபோல மேலே போய் மறைந்தன. மூச்சு பட்டாக வந்தது. மூச்சு விடுகிறோம் என்பதே அவளுக்கு மறந்துபோயிற்று. இன்னும் இறுகவில்லையே, நேரமிருக்கிறது என்று கண்ணி கண்ணியாகத் தடவிக்கொண்டே இருந்தாள்.

திடீரென்று ஒரு மூச்சு கனத்தது. அடுத்தது வரவில்லை.

காற்றில்லை என்று கழுத்துக்குக் குறுக்கே கையை இழுத்துக் காட்டினாள். நாத்தனார் தன்னுடைய உபரி வாய்க்குழாயை நீட்டினாள். அந்தச் சிலிண்டரிலும் காற்று கொஞ்சம்தான். இருவரும் சேர்ந்து இழுத்ததும் பழசு திணறியது, இருவருக்குமே போதவில்லை. நாத்தனாரின் கண்கள் விரிந்தன. மூச்சைப் பிடித்துக்கொண்டு மேலே பாய்ந்தால் நுரையீரல் கிழியும்.

அவள் நாத்தனாரின் நெஞ்சில் உள்ளங்கையை வைத்தாள். அழுத்தினால் விடு, தளர்த்தினால் இழு. ஒருத்தி விடும்போது மற்றவள் இழுத்தாள். ஒரு நேரத்தில் ஒருவருக்குத்தான் அந்தப் பழசால் ஈடுகொடுக்க முடியும் என்பது அவளுக்குத் தெரியும். அப்படியே மெல்ல மேலேற, சாம்பல் பச்சையாகி, பச்சை வெளிச்சமானது. ஆழம் குறையக் குறைய மூச்சும் இளகியது.

"மீட்டரைப் பாக்கலையா நீ?" என்றான் கணவன், அவளைப் படகில் ஏற்றிக்கொண்டே.

"இறுகும்னு காத்திருந்தேங்க."

கணவன் வாயடைத்துப்போய் நின்றான்.

"பாத்தீங்களா அண்ணி," என்றாள் நாத்தனார். "அண்ணனுக்கும் காத்து தீந்துபோச்சு."

நாத்தனார் அதன்பின் ஆழத்துக்குப் போகவில்லை. ஒரு நீச்சல் குளத்தில் வேலை பார்க்கிறாள். கணவன் மறுபடி பேசத் தொடங்கிவிட்டான். பழசு படகில் ஆணியில் தொங்குகிறது. அவள் புதியதோடுதான் இறங்குகிறாள், மீட்டரை மணிக்கட்டில் கட்டிக்கொண்டு.