கேட்டவர் உழக்கவேணும்

போதகர் வந்து முற்றத்தில் நின்றபோது, நாடா சிக்கிய கசெற் ஒன்றைப் பென்சிலில் கொளுவிச் சுற்றிக்கொண்டிருந்தான் ஹெக்டர். எழும்பி "வாருங்கோ ஐயா" என்றான். கதிரையைத் துடைத்துப் போட்டான். எல்லாம் ஒழுங்காகத்தான் செய்தான், பென்சிலை மட்டும் கீழே வைக்கவில்லை.

"ஏழு மாசமாச்சு ஹெக்டர்," என்றார் போதகர். "சீலாவைக் கேட்டால், அத்தான் சொல்லட்டும் எண்டுது. உம்மைக் கேட்டால் பாப்பம் எண்டுறீர். நினைவு ஆராதனைக்கு ஒரு நாளைச் சொல்லுமன். அந்தப் பிள்ளை எத்தினை நாளைக்கு உப்பிடியே இருக்கிறது?"

"ஓம் ஐயா. பாத்துச் சொல்லுறன்."

"உதைத்தானே போன மாசமும் சொன்னனீர்?"

"ஓம் ஐயா."

போதகர் பெருமூச்சு விட்டுவிட்டு இருந்துவிட்டார். இன்றைக்குப் பதில் வாங்காமல் எழும்புவதில்லை என்று வந்தவர் போலும். பாவம், அந்த மனுசனுக்கு என்ன தெரியும்? ஹெக்டர் பிடிவாதக்காரன் என்று நினைத்திருப்பார். பிடிவாதம் பிடிக்கக்கூட உள்ளுக்குள் ஏதாவது இருக்கவேண்டுமே.

தம்பி தேவராஜா பாஸ்போட் அலுவலாகக் கொழும்புக்கு வெளிக்கிட்டுக் கிளாலிக் கடலேரிக் கரைக்குப் போய்ப் படகேறியது மாசி மாதத்தில். படகு மற்றக் கரையை அடையவில்லை. உடலும் இல்லை, கண்டேன் என்று சொல்லவும் ஒருவரும் இல்லை. கரையில் அவன் விட்டுப்போன சைக்கிளை உருட்டிக்கொண்டு ஓர் ஆள் வந்து செய்தி சொன்னார். அப்போதும் ஹெக்டர் அறுந்த நாடா ஒன்றை ஒட்டிக்கொண்டுதான் இருந்தான். கேட்டான். ஒட்டி முடித்தான். பிறகு, "சைக்கிளை உந்த மாமரத்தோடை சாத்திவிடுங்கோ" என்றான். அழுகை வரவில்லை. வரவில்லையே என்ற வெட்கம் முதல் கிழமையில் கொஞ்சம் இருந்தது, பிறகு அதுவும் இல்லாமல் போய்விட்டது. தலைப்பிள்ளை, தகப்பன் இல்லாத வீட்டுக்குப் பெரியவன். அவன் வாயால் 'தம்பி செத்துப்போனான்' என்று வராமல் அந்த வீட்டில் ஒன்றும் நகராது. தம்பியின் மனைவி சீலா தாலிக்கொடியைக் கழற்றுவதா வேண்டாமா என்பதுகூட அந்த ஒரு சொல்லுக்காகக் காத்துக்கொண்டு கிடந்தது.

போதகர் எழும்பும்போது மணி ஐந்தரை. அன்று ஞாயிற்றுக்கிழமை. கிழமைதோறும் ஊருக்குப் போடுகிற பாட்டு ஐந்து மணிக்குத் தொடங்கவேண்டியது.

சண்டையால் கொக்குவிலில் மின்சாரம் போய் மூன்று வருசம். அதற்கு முன்னர் கலியாணவீடு, கோயில் திருவிழா, பள்ளிக்கூட விளையாட்டுப்போட்டி எதுவென்றாலும் ஹெக்டரின் ஒலிபெருக்கிதான். இப்போது அந்த நாலு பெரிய குழாய்களும் வீட்டுக்குக் கொஞ்சம் தள்ளியிருந்த அவனது கொட்டிலுக்குள் கவிழ்ந்து கிடந்தன. ஒன்றுக்குள் கோழி அடைகிடந்தது. பற்றரி என்பது கண்ணால் காணமுடியாத சாமான். சைக்கிள் திருத்துகிற பஞ்சலிங்கம்தான் ஒருநாள் வந்து, சைக்கிளை ஸ்ராண்டில் ஏற்றி, பின்சில்லைச் சுற்றவிட்டு, டைனமோவிலிருந்து வயரை இழுத்துக் கசெற்பெட்டியைப் பாடவைத்தான். சத்தம் காணாது என்று பெட்டியைக் கலியாணச் சோறு ஆக்குகிற பெரிய கிடாரத்துக்குள் இறக்கி வைத்தார்கள். ஊரே வந்துவிட்டது. றேடியோவுக்கு அறிவிப்பாளர் வேலைக்கு எழுதிப்போட்டு, இல்லையென்று மரியாதையாகப் பதில் வாங்கி வைத்திருந்த கனகாம்பிகை ரீச்சர், "அப்ப அறிவிப்பை நான் செய்யிறன்" என்று தானாகவே சேர்ந்துகொண்டா.

மூன்று பேரின் கூட்டு. சட்டம் ஒன்றே ஒன்றுதான்: பாட்டைக் கேட்டவர் உழக்கவேணும். சும்மா இருந்து கேட்கிற கதை இல்லை. பெயர் வாசித்ததும் எழும்பி வந்து சைக்கிளில் ஏறி, தன் பாட்டுக்குத் தானே உழக்கவேண்டும். வேகமாக உழக்கினால் பாடகி கீச்சிடுவா. களைத்துப்போனால் பாடகர் வயிற்றுக்குத்து வந்தவர்போல முனகுவார். சனம் விழுந்து விழுந்து சிரிக்கும். "டேய், மெல்லமாடா, அந்த மனுசிக்கு மூச்சு முட்டுது!" என்று யாராவது கத்துவார்கள்.

கடதாசிக்குப் பஞ்சம். ஆளுக்கொரு துண்டுதான். வாசித்த துண்டு திரும்பவும் பிஸ்கற் பேணிக்குள் போகும், அடுத்த கிழமை வேறு பாட்டென்றால் பென்சிலால் எழுதியதை அழித்து மாற்றவேண்டும். ஊரைவிட்டுப் போனவர்கள், செத்துப்போனவர்கள் துண்டுகளை எடுத்துவிடுவது ஹெக்டரின் பொறுப்பு. பெயரை வாசித்து ஆள் வராமல் சைக்கிள் சும்மா நின்றால் நன்றாகவா இருக்கும்? இதுவரை ஒன்பது துண்டுகளை எடுத்திருப்பான். ஒன்றுக்கும் யோசித்ததில்லை.

தேவராஜாவின் துண்டை எடுக்கவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் பேணியைத் திறந்து, அதை அடியில் போட்டு, மேலிருப்பவற்றை அடுக்கி ரீச்சரிடம் கொடுப்பான். அவ்வளவுதான். ஏன் என்று அவன் தன்னையே கேட்கவில்லை.

சைக்கிள் விசயமும் அப்படித்தான். பழைய சைக்கிளின் டைனமோ பழுதாகிப்போனதால் இப்போது உழக்குவது தேவராஜாவின் சைக்கிளில்தான். அவன் நெடுவல். சீற்றை உயர்த்தி வைத்திருந்தான். மற்றவர்களுக்குக் கால் எட்டாது, எழும்பி எழும்பித்தான் உழக்கவேண்டும். பஞ்சலிங்கம் ஒருநாள் ஸ்பானரோடு வந்தான். "ஆணி துருப்பிடிச்சு இறுகிப்போச்சு, விடு" என்றான் ஹெக்டர். இருபது வருசம் சைக்கிள் திருத்துகிறவனுக்கு இறுகின ஆணி எது, இறுகாத ஆணி எது என்று தெரியாதா? ஹெக்டரின் முகத்தைப் பார்த்துவிட்டு ஸ்பானரை இடுப்பில் செருகிக்கொண்டு போய்விட்டான்.

அன்று ஹெக்டர் பாட்டு நடக்கிற கொட்டில் வளவுக்குப் போய்ச் சேர்ந்தபோது பாட்டுத் தொடங்கிவிட்டது. விளக்குக்கு எண்ணெய் இல்லாத காலம், இருட்டமுதல் முடிக்கவேண்டும். கனகாம்பிகை ரீச்சர் தானே பேணியைத் திறந்து துண்டுகளைக் கொட்டி அடுக்கிவிட்டா. "நீங்கள் பெட்டியைப் பாருங்கோ ஹெக்டர் அண்ணை, நேரம் போட்டுது" என்றா. அவன் கிடாரத்துக்குப் பக்கத்தில் குந்தினான். பெண்களின் பாயில் ஓரமாக சீலா இருந்ததை அப்போதுதான் கண்டான். ஏழு மாதத்தில் இன்றைக்குத்தான் வந்திருக்கிறாள். யார் இழுத்துக்கொண்டு வந்தார்களோ.

நாலு பாட்டுப் போனது. ரீச்சர் ஐந்தாவது துண்டை எடுத்தா. நேயர்களை அழைக்கிற அந்தக் குரலில், ஒரே மூச்சில், "அடுத்த பாடலை விரும்பிக் கேட்டிருப்பவர், கொக்குவில் கிழக்கிலிருந்து தேவராஜா" என்று வாசித்தா.

வாசித்து முடித்த பிறகுதான் அவவுக்கே விளங்கியது. துண்டோடு கை அப்படியே நின்றுவிட்டது.

ஹெக்டரின் கைக்கு அது விளங்கவில்லை. தம்பி கேட்பது எப்போதும் ஒரே பாட்டு, புல்லாங்குழலில் தொடங்குகிற பழைய பாட்டு. பெயர் காதில் விழுந்ததும் கை தன்பாட்டில் அந்தக் கசெற்றை எடுத்தது, போட்டது, விசையை அமுக்கியது. விசை இறங்கிக் கிடந்தது. சத்தம் இல்லை. ஸ்ராண்டில் நின்ற சைக்கிளில் ஒருவரும் இல்லை. நாற்பது பேரும் அந்த உயர்ந்த சீற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஐயோ, ஹெக்டர் அண்ணை, நான் பாக்கேல்லை..." என்றா ரீச்சர்.

சீலா எழும்பி வந்தாள். ரீச்சரின் கையிலிருந்து துண்டை வாங்கி, எழுத்தைப் பார்த்தாள். பிறகு ஹெக்டருக்கு முன்னால் வந்து நின்றாள்.

"ஆர் இதைப் பேணிக்கை வைச்சிருந்தது?"

"நான்தான்."

"மற்றாக்களின்ரையெல்லாம் எடுத்தனீங்கள்தானே?"

"ஓம்."

"அப்ப இதை ஏன் எடுக்கேல்லை?"

அவள் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் நல்லது.

"நான் ஏழு மாசமா உங்கடை வாயைப் பாத்துக்கொண்டிருக்கிறன் அத்தான். அழவும் பயம், அழாமல் இருக்கவும் பயம். நீங்கள் சொல்லாட்டில் நான் ஆரிட்டைப் போய்க் கேக்கிறது?"

சீலா துண்டைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டு சைக்கிளுக்குக் கிட்டப் போனாள். சீலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பாருக்கு மேலால் காலைப் போட்டுப் பார்த்தாள். சீற் அவள் முதுகுக்குத்தான் வந்தது. ஏறமுடியவில்லை. இறங்கி, ஒரு கையைச் சீற்றில் வைத்தபடி நின்றாள்.

"எட்டேல்லை," என்றாள்.

ஹெக்டர் எழும்பினான். "பஞ்சலிங்கம், ஸ்பானரைத் தா."

"நான் செய்யிறன் அண்ணை."

"தா எண்டுறன்."

நிலத்தில் முழங்காலை ஊன்றி ஆணியில் ஸ்பானரைக் கொளுவினான். துருப்பிடித்து இறுகிப்போன ஆணி என்று அவன் சொல்லிவைத்த அந்த ஆணி, முதல் முறுக்கிலேயே இளகிக் கொடுத்தது. பஞ்சலிங்கம் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். முழங்காலில் சல்லிக்கல் ஒன்று குத்தியது. குத்துவது ஹெக்டருக்குத் தெரிந்தது, நன்றாக நொந்தது. காலை எடுக்காமல் அப்படியே வைத்திருந்தான். சீற்றை இரண்டு கையாலும் பிடித்து அமத்தினான். தம்பியின் உயரத்துக்கு வெளியே நின்ற வெள்ளிக்கம்பி, கொஞ்சம் கொஞ்சமாகக் குழாய்க்குள் இறங்கியது.

"போதகரிட்டை," என்றான், தலையை நிமிர்த்தாமல். "சனிக்கிழமை எண்டு சொல்லுவம்."

சீலா சீற்றைத் தன் இடுப்போடு அளந்து பார்த்தாள். அவள் மூச்சு வாங்குவது கேட்டது.

"இன்னும் ஒரு விரல் பதியுங்கோ," என்றாள்.

அவன் பதித்தான். ஆணியை இறுக்கினான். அவள் ஏறி இருந்து உழக்கத் தொடங்கினாள். கிடாரத்துக்குள்ளிருந்து முதலில் ஒரு முனகல்தான் வந்தது, மாட்டுக்கு வருத்தம் வந்ததுபோல. சனம் சிரிக்கவில்லை. அவள் சீலைக் கரையைக் கடித்துக்கொண்டு இன்னும் அழுத்தி உழக்கினாள். பின்சில்லு வேகம் பிடித்தது. முனகல் மெல்ல மெல்ல மேலேறி, மேலேறி, புல்லாங்குழலாயிற்று.