துரைசானி வீட்டு மாட்டு மணிகள்

வெள்ளைக்காரன் நாட்டைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டான் என்று எல்லாரும் சொன்ன பிறகுதான் எங்கள் தேயிலைத் தோட்டத்துக்குப் புதிதாக ஒரு வெள்ளைக்காரத் துரை வந்தார். கூட வந்த துரைசானிக்குப் பங்களா பிடிக்கவில்லை. உடப்புசல்லாவைப் பக்கம் அதைவிடப் பெரிய பங்களா கிடையாது. அந்தம்மா கண்ணுக்கு அது தேயிலை அரைக்கிற ஸ்டோர் மாதிரி இருந்ததாம். ஏதோ ஒரு தேசத்தில் பனிமலை மேல் பணக்காரர்கள் கட்டிவைத்திருக்கும் பலகை வீடுகளின் படத்தைக் காட்டி, அதே மாதிரி வேண்டும் என்றார்.

வெள்ளையடித்த நல்ல சுவரைத் தேக்குப் பலகையால் மூடினார்கள். குளிர்காயும் அடுப்பைச் சுற்றிக் கருங்கல் பதித்தார்கள். கம்பளம், கம்பளத்துக்கு மேலே ஆட்டுத்தோல். அடுப்புக்கு மேலே வரிசையாகப் பித்தளை மாட்டு மணிகள், கப்பலில் வந்தவை. மாடில்லாத வீட்டில் மணி எதற்கு என்று பங்களாச் சமையல்காரர் வீரய்யா அண்ணனிடம் கேட்டேன். அழகுக்காம். எதற்கும் எருமை வருகிறதா என்று ஒரு வாரம் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

அந்த ஹாலைக் கூட்டித் துடைக்கிறவள் எங்கள் லயத்து வரிசை வீட்டில் என் பக்கத்துக் காம்பரா அம்மாக்கண்ணு. புருசன் இல்லை. மூச்சிரைப்பு, கூடை தூக்கி மலையேற முடியாது. பங்களா வேலை இருப்பதால் ஆள் கணக்கு எழுதும் செக்ரோலில் பேர் இருந்தது, பேர் இருப்பதால் தோட்டம் கொடுத்த அந்த ஒற்றை அறைக் காம்பரா இருந்தது. அந்தக் காம்பராவைத் தன் தங்கச்சி மகனுக்கு வாங்கிக் கொடுக்க மாயாண்டி கங்காணி காத்திருந்தது லயத்து நாய்க்குக்கூடத் தெரியும்.

ஆயுத பூசைக்கு முதல் நாள். தோட்டமே தேய்த்துக்கொண்டிருந்தது. கவ்வாத்துக் கத்தி, மண்வெட்டி, குத்துவிளக்கு, எதுவும் தப்பவில்லை. விருந்தாளிகளைக் கூட்டிவரத் துரைசானி நுவரெலியாவுக்குப் போயிருந்தார். ஊரார் வரும் வீட்டில், அதுவும் பூசை நாளில், மணிகள் இப்படிக் கறுத்துக் கிடப்பதா? அம்மாக்கண்ணு எல்லாவற்றையும் கழற்றினாள். புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்தாள். தங்கமாய் மின்னியதும் ஒவ்வொன்றுக்கும் சந்தனம், குங்குமம் வைத்து மாட்டினாள்.

வீரய்யா அண்ணன் பார்த்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"அந்தக் கறுப்புக்காகத்தானே அதைக் கப்பல்ல கொண்டாந்தாங்க. நூறு வருசத்துக் கறுப்பு, தாயி."

மணிகளைச் சாக்கில் போட்டுக்கொண்டு, மூச்சு வாங்க லயத்துக்கு ஓடிவந்தாள். லயத்தில் புத்திக்குப் பஞ்சமா? ஒருத்தி தேயிலைச் சாயத் தண்ணியில் ஊறப்போடச் சொன்னாள், ஒருத்தி சாணியில் புதைக்கச் சொன்னாள். என் அடுப்பு புகைக்குப் பேர்போனது; இத்தனை நாள் அதற்காக என்னைத் திட்டிய சனமே அன்றைக்கு என் வாசலில் நின்றது. பச்சை விறகை வைத்து, கருவாட்டுக் கயிற்றிலேயே மணிகளையும் தொங்கவிட்டோம். அம்மாக்கண்ணு அடுப்பை விட்டு எழுந்திருக்கவில்லை. "கறுத்திருச்சா, கறுத்திருச்சா" என்று கேட்டபடியே இருந்தாள். விடிந்தபோது நூறு என்ன, இருநூறு வருசத்துக் கறுப்பு.

விறகுக் கட்டுக்குள் மறைத்து நான்தான் பங்களாவுக்குத் தூக்கிப்போனேன். அவளால் சுமக்க முடியாது. எனக்கும் ஹாலைப் பார்க்க வேண்டும்.

மத்தியானம் கார் வந்தது. நான் குசினிக் கதவிடுக்கில் நின்றேன். வெள்ளைக் கையுறை போட்ட ஒரு விருந்தாளியம்மா நேரே போய் ஒரு மணியைப் பிடித்து ஆட்டினார். கையுறை கரியானது. முகர்ந்து பார்த்தார். கருவாடு.

துரைசானி வீரய்யா அண்ணனைக் கூப்பிட்டார். அவர் இங்கிலீசை மென்று விழுங்கினார். யாரும் கூப்பிடாமலே அம்மாக்கண்ணு உள்ளே போய்க் கம்பளத்துக்கு வெளியே நின்றாள்.

"நாந்தான் தேச்சேன், புகையில கட்டுனதும் நாந்தான்னு சொல்லுங்கண்ணே. பூசைக்குத் தேய்க்காம வுட்டா வீட்டுக்கு ஆகாதுன்னுதான் செஞ்சேன். பேரை மட்டும் வெட்ட வேணாம்னு சொல்லுங்க."

என் அடுப்பைப் பற்றி மூச்சு விடவில்லை. அண்ணன் எதைச் சொன்னாரோ, எதை விட்டாரோ. கையுறையம்மா சிரித்தார்; துரைசானி சிரிக்கவில்லை. ஏதோ சொன்னார். அண்ணன் திரும்பினார்.

"ஒரு மாசம் இருக்கச் சொல்றாங்க. ஹால் பக்கம் வரப்படாது. கொல்லை வேலை. அப்புறம் பாக்கலாமாம்."

நாங்கள் இறங்கி வருவதற்குள் பேர் வெட்டியாச்சு என்ற சேதி லயத்துக்கு வந்துவிட்டது. என்னை முந்திக்கொண்டு யார் கொண்டுவந்தார்களோ! அவள் வாசலில் கங்காணியின் தங்கச்சி மகன், பெண்டாட்டி, பாய், பானை, கோழிக்கூடு.

விசயத்தைச் சொன்னேன். கூடவே நின்ற கங்காணி என்னை நம்பாமல் அவளிடம் கேட்டார். அவள் தலையாட்டினாள்.

"ஒரு மாசந்தானே" என்றார்.

பாயும் பானையும் திரும்பிப் போயின. கோழிக்கூடு மட்டும் கூரை இறவாணத்தின் கீழே நின்றது. அதையும் எடுக்கச் சொன்னேன். "மறுபடியும் யாரு தூக்கிட்டு வர்றது, அக்கா" என்றான் பையன், ரொம்ப மரியாதையாக.

அம்மாக்கண்ணு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். கோழி கொக்கரிக்கும்போதெல்லாம் அவள் எழுந்து வந்து தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்க்கிற சத்தம் நடுச்சுவர் வழியாக எனக்குக் கேட்டுக்கொண்டிருந்தது.