இருபத்திமூணு, பிரசன்ட் மிஸ்

மாற்று ஆசிரியையாக ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போவதும் புது மருமகளாக ஒரு வீட்டுக்குள் நுழைவதும் ஏறக்குறைய ஒன்றுதான். எந்த சுவிட்சைத் தட்டினால் எந்த மின்விசிறி சுற்றும் என்று நமக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் சொல்ல மாட்டார்கள், வேடிக்கை பார்ப்பார்கள்.

முதல் நாள் ஐந்தாம் வகுப்பு. ஆசிரியர் நாற்காலியை நான் இழுத்தபோது முப்பது பிள்ளைகளும் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தார்கள். அடடா, என்ன மரியாதை என்று பூரித்துப்போய் உட்கார்ந்தேன். அந்த நாற்காலியின் பின்கால் ஒன்று சும்மா பேருக்குத்தான் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பது அந்தப் பள்ளியில் எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியாது. விழுந்த வேகத்தில் என் மூக்குக் கண்ணாடி கரும்பலகைக்கே போய்விட்டது. ஒரு பெண் அதை எடுத்துக் கொடுத்து, "எல்லாப் புது மிஸ்ஸும் இதுல விழுவாங்க மிஸ், நீங்க பரவால்ல, சீக்கிரம் எழுந்துட்டீங்க" என்று ஆறுதல் சொன்னாள்.

இரண்டாம் நாள் நான்காம் வகுப்பு. "எங்க மிஸ் இந்த நேரத்துல தண்ணி குடிக்க விடுவாங்க" என்றார்கள். விட்டேன். போனது பதினொரு பேர், திரும்பி வந்தது ஏழு பேர். மீதி நாலு பேரை மைதானத்திலிருந்து ஓட்டிக்கொண்டு வருவதற்குள் பீரியடே முடிந்துவிட்டது.

என் அக்கா வேறொரு பள்ளியில் இருபது வருஷமாக நிரந்தர ஆசிரியை. எனக்கு அறிவுரை சொல்லும் வேலையும் அவளுக்கு நிரந்தரம். தினமும் சாயங்காலம் போன் செய்வாள்.

"முதல் வாரம் சிரிக்காதேடி. பல்லைக் காட்டினேன்னு வை, தலையில ஏறி உட்கார்ந்துக்குவாங்க."

"சிரிக்க ஏதுக்கா நேரம்? தண்ணி குடிக்கப் போனவங்களை எண்ணவே சரியா இருக்கு."

"உனக்கு எதுக்குடி இந்த வேலை? வீட்டுல சும்மாதானே இருக்கே, நிம்மதியா இருந்துட்டுப் போயேன்."

இந்த 'சும்மாதானே இருக்கே' என்ற வார்த்தையைக் கேட்டால் எனக்குச் சுர்ரென்று ஏறும். ஆசிரியர் பயிற்சி முடித்த சான்றிதழை அலமாரியில் வைத்துவிட்டு, பதினாறு வருஷம் தண்ணீர் மீட்டர் புகார் கவுன்ட்டரில் உட்கார்ந்தவள் நான். ஒரு நாளைக்கு இருநூறு டோக்கன். ஒரு நாள் கவுன்ட்டரையே மூடிவிட்டார்கள். புகாரெல்லாம் இனிமேல் போனிலேயே பதிவு செய்துகொள்ளலாமாம். அதற்குப் பிறகு எட்டு மாதம் வீட்டில் இருந்தேன். கேஸ் சிலிண்டர் வரும், நீதான் இருக்கியே. மாடி வீட்டுக்காரி சாவி கொடுத்துட்டுப் போவா, நீதான் இருக்கியே. என் வீட்டுக்காரர் நல்ல மனுஷர்தான், ஆனால் அவரும் தொலைந்துபோன ஒற்றைச் செருப்பிலிருந்து வங்கிக் கடிதம் வரை எல்லாவற்றையும் என்னிடம் கேட்கப் பழகிவிட்டார். எனக்கு அழுகையே வந்தது. காலையில் எழுந்து கிளம்பிப் போக எனக்கென்று ஓர் இடம் வேண்டும் என்று வெறியாக இருந்தது. அதற்குத்தான் இந்த வேலை.

அந்தப் பள்ளியில் ஒரு விதி உண்டு. மாற்று ஆசிரியைக்குப் பத்து நாள் சோதனை. பத்து நாளும் ஒரு புகார்கூட இல்லாமல் ஓட்டிவிட்டால் பெயர் பட்டியலில் நிற்கும், வருஷம் முழுக்கக் கூப்பிடுவார்கள். இடையில் ஒரே ஒரு புகார் எழுத்தில் வந்தாலும் பெயரை எடுத்துவிடுவார்கள். இதை அலுவலக கிளார்க் முதல் நாளே சொல்லிவிட்டார். "தப்பா நினைச்சுக்காதீங்க மேடம், இதுக்கு முன்னாடி வந்தவர் மூணாவது நாளே போயிட்டார்" என்று தைரியமும் சொன்னார்.

நாற்காலியில் விழுந்தது புகாரில் சேராதாம். தட்டுத்தடுமாறி ஒன்பது நாளை ஓட்டிவிட்டேன்.

பத்தாம் நாள் காலை ஆறரைக்கு கிளார்க் போன் செய்தார். ஏழாம் வகுப்பு. வகுப்பாசிரியை பல் பிடுங்கப் போகிறார். "அந்த வகுப்பா?" என்றேன். "அந்த வகுப்புதான்" என்றார். ஒன்பது நாளாக ஆசிரியர் அறையில் அந்த வகுப்பைப் பற்றி அடிபட்ட பேச்சையெல்லாம் கேட்டிருந்ததால், புலி வாலைப் பிடிக்கப் போகிறோம் என்று தெரிந்துதான் போனேன்.

மாற்று ஆசிரியைக்கு அலுவலகத்தில் ஓர் அரைத்தாள் தருவார்கள். அதில் பெயர் எதுவும் இருக்காது, வரிசை எண் மட்டும்தான். ஒன்றிலிருந்து முப்பத்துமூன்று வரை. வந்தவர்களுக்கு டிக், வராதவர்களுக்குப் பெருக்கல் குறி. பெயர்ப் பதிவேடு வகுப்பாசிரியையின் அலமாரியில் பூட்டியிருக்கும். மற்றவர்களுக்கு இது தொந்தரவு. எனக்கோ கை வந்த கலை. எண்ணைக் கூப்பிடுவதுதானே என் பதினாறு வருஷப் பிழைப்பு! தாளைப் பார்த்துக் குனிந்தேன். ஒண்ணு, பிரசன்ட் மிஸ், டிக். ரெண்டு, பிரசன்ட் மிஸ், டிக். தலையைத் தூக்கவே இல்லை. கவுன்ட்டரில் தலையைத் தூக்கினால் ஆள் பேச ஆரம்பித்துவிடுவார், வரிசை நகராது. முப்பத்துமூன்று பேரையும் ஒன்றரை நிமிஷத்தில் முடித்தேன். எல்லாருமே வந்திருந்தார்கள். இந்த வகுப்பைப் போய்க் குறை சொன்னார்களே என்று ஆச்சரியப்பட்டேன்.

பிள்ளைகளும் அன்றைக்குத் தங்கம். தண்ணீர் கேட்கவில்லை. சொன்ன கணக்கைப் போட்டார்கள். சொல்லாத கணக்கையும் போட்டார்கள். அப்போதாவது எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. பட்டியலில் என் பெயர் நிற்கப் போகும் சந்தோஷத்தில் இருந்தேன்.

இரண்டாவது பீரியடு முடியும் நேரத்தில் நீளமாக மணி அடித்தது. தீ விபத்து ஒத்திகை. மொத்தப் பள்ளியும் வரிசையாக மைதானத்துக்கு வந்து நின்றது. ஒவ்வொரு ஆசிரியையும் தலையை எண்ணி, வருகைத் தாளோடு ஒப்பிட்டு, "சரி" என்று கையைத் தூக்க வேண்டும். எல்லாக் கைகளும் சரியாகும்வரை ஒருவரும் கட்டடத்துக்குள் போகக் கூடாது. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு எண்ணினேன். முப்பத்திரண்டு. மறுபடி எண்ணினேன். அப்போதும் முப்பத்திரண்டுதான். வரிசை எண்ணைச் சொல்லச் சொன்னேன். இருபத்திரண்டுக்கு அப்புறம் இருபத்திநான்கு வந்தது.

தலைமையாசிரியை விறுவிறுவென்று வந்தார். ஒல்லியான அம்மாள், குரல் மட்டும் நாலு பேருக்குப் போதும்.

"யாரைக் காணோம்?"

"இருபத்திமூணு மேடம்."

"பேர்?"

"தாள்ல பேர் இல்ல மேடம்."

பெயர்ப் பதிவேடு உள்ளே அலமாரியில் பூட்டிக் கிடந்தது. உள்ளே யாரும் போகக் கூடாது. வகுப்பாசிரியைக்குப் போன் போட்டார்கள். வாயைப் பிளந்துகொண்டு படுத்திருப்பவர் எப்படிப் போனை எடுப்பார்? காவலாளியையும் விளையாட்டு ஆசிரியரையும் மட்டும் கட்டடத்துக்குள் அனுப்பினார்கள். அவர்கள் ஒவ்வொரு அறையாகத் திறந்து "இருபத்திமூணு! ஏய் இருபத்திமூணு!" என்று கத்துவது வெளியே கேட்டது. சின்ன வகுப்புக் குழந்தைகள் வெயிலில் ஒரு காலை மாற்றி ஒரு காலில் நின்றார்கள்.

"சரி, எப்படி இருக்கும்? உயரமா, குட்டையா?" என்று கேட்டார் தலைமையாசிரியை.

தாளைத் திருப்பிப் பார்த்தேன். அதில் உயரமும் இல்லை.

"பையனா பொண்ணான்னாவது சொல்லுங்க டீச்சர்."

இரண்டு பீரியடு அந்த அறைக்குள் இருந்திருக்கிறேன். பையனா பொண்ணா என்று எனக்குத் தெரியவில்லை. வெட்கத்தில் காது இரண்டும் சூடாகிவிட்டது. போதாக்குறைக்கு, நிஜமாகவே ஒரு குழந்தை எங்கேயாவது மாட்டிக்கொண்டிருந்தால் என்ற பயம் வேறு.

"பேராவது சொல்லுங்கப்பா" என்று பிள்ளைகள் பக்கம் திரும்பினேன். காலையிலிருந்து அவர்கள் முகத்தை நான் ஒழுங்காகப் பார்த்தது அப்போதுதான். கூட்டாளியைக் காணோம் என்றால் பிள்ளைகள் துடிக்க வேண்டாமா? கண்ணாவது கட்டடத்துப் பக்கம் போக வேண்டாமா? முப்பத்திரண்டு பேரும் அவரவர் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். திருடனுக்குத் தேள் கொட்டிய மாதிரி ஒரு முகம் இல்லை, முப்பத்திரண்டு முகம். புரிந்துவிட்டது. இருபத்திமூன்று தொலையவில்லை. இருபத்திமூன்று வரவே இல்லை. வேறு யாரோ குரல் கொடுத்திருக்கிறார்கள். நானும் டோக்கனைக் கிழித்துக் கொடுத்திருக்கிறேன்.

பொய் சொல்ல மாட்டேன், முதலில் வந்தது கோபம்தான். அடப்பாவிகளா, என் பத்தாம் நாளா கிடைத்தது உங்களுக்கு! ஒரு வார்த்தை போதும். 'பிள்ளைகள் ஏமாத்திட்டாங்க மேடம்' என்று கை காட்டினால் அந்த அம்மாள் அவர்களை உலுக்குகிற உலுக்கில் உண்மை உதிர்ந்துவிடும். நான் பாவம், ஏமாந்தவள் என்று தப்பித்துக்கொள்ளலாம். வாயைக்கூடத் திறந்துவிட்டேன். ஆனால் பையனா பொண்ணா என்ற கேள்வி குறுக்கே வந்தது. அவர்கள் ஏமாற்றினார்கள், சரி. ஏமாற்றுவதற்கு நான் ஒரு சிரமமும் வைக்கவில்லையே.

"மேடம், தேட வேண்டாம். அந்தப் பிள்ளை இன்னைக்கு வரவே இல்ல. நான் தலையைத் தூக்கிப் பாக்காம டிக் போட்டுட்டேன். தப்பு என்னோடது."

"அப்போ பிரசன்ட் சொன்னது யாரு?"

"பாத்திருந்தா சொல்லியிருப்பேன் மேடம். நான்தான் யாரையும் பாக்கலையே."

தலைமையாசிரியை என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கட்டடத்தைப் பார்த்து விசில் ஊதினார். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். கெட்டாயிற்று, என் கதை முடிந்தது என்று பிள்ளைகளை உள்ளே கூட்டிக்கொண்டு போனேன்.

வகுப்பில் எல்லாரும் உட்கார்ந்தார்கள். மறுபடி வருகைத் தாளை எடுத்தேன். இந்த முறை ஒவ்வொருவராக எழுந்து நிற்கச் சொன்னேன். ஒன்று, காதோரம் மச்சம். ஐந்து, சட்டையில் மேல் பொத்தான் இல்லை. பதினொன்று, என்னைவிட உயரம். பதினான்கு எழுந்தவள் உட்காரவில்லை.

"நான்தான் மிஸ் சொன்னேன். இருபத்திமூணுக்கு."

"ஏன்?"

கதை கொட்டியது. ஒரு மாதம் முழுக்க ஒருவரும் லீவு போடாத வகுப்புக்கு, மாசக் கடைசியில் ஒரு பீரியடு மைதானம். இன்றைக்குத்தான் கடைசி நாள். நேற்று சாயங்காலம் இருபத்திமூன்று தன் தலைமுடியைத் தானே கத்தரித்துக்கொண்டுவிட்டாள்.

"ஒரு பக்கம் மட்டும் மிஸ். இன்னொரு பக்கம் வெட்டறதுக்குள்ள அவங்க அம்மா வந்துட்டாங்க. இந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு வர மாட்டேன்னு கதவைச் சாத்திக்கிட்டா."

"எங்க மிஸ்ஸுக்கு எல்லார் குரலும் தெரியும்" என்றான் ஐந்து, பின்னாலிருந்து. "நீங்க வர்றீங்கன்னு தெரிஞ்சதும்தான் மிஸ் எங்களுக்கு உயிரே வந்துச்சு."

என்ன ஒரு பாராட்டு! "எங்கே, அந்தக் குரலைச் சொல்லு" என்றேன் பதினான்கிடம். அவள் மூக்கைப் பிடித்துக்கொண்டு "பிரசன்ட் மிஸ்" என்றாள். சளி பிடித்த பூனை மாதிரி இருந்தது. இதற்கா ஏமாந்தேன்! வகுப்பே சிரித்தது, நானும் சிரித்துவிட்டேன். சிரித்துக்கொண்டே பெருக்கல் குறி போட்டேன். மைதானப் பீரியடு கையை விட்டுப் போனது. ஒருவரும் முணுமுணுக்கவில்லை.

சாயங்காலம் தலைமையாசிரியை கூப்பிட்டார்.

"ரூல் தெரியுமில்ல?"

"தெரியும் மேடம்."

"ஒரு புகார் வந்திருக்கு. நானேதான் எழுதினேன்." தாளை என் பக்கம் திருப்பிக் காட்டினார். "உங்க ஒன்பது நாளும் போச்சு. நாளையிலேருந்து மறுபடி ஒண்ணுன்னு வெச்சுக்கங்க."

"பேரை எடுக்கலையா மேடம்?"

"எடுத்திருப்பேன். ஆனா நீங்க வாயைத் திறந்தப்போ நம்ம வாட்ச்மேன் முதல் மாடியை முடிச்சிட்டு ரெண்டாவது மாடிப் படியில காலை வெச்சிருக்கார். அவருக்கு முட்டி வலி, ஏறாம தப்பிச்சார். அவர்தான் உங்களுக்கு சிபாரிசு."

மறுநாள் ஆறரைக்குப் போன் வந்தது. வகுப்பாசிரியைக்குக் கன்னம் வீங்கிவிட்டதாம், மறுபடியும் ஏழாம் வகுப்பு. "வேற யாரும் வர மாட்டேங்கறாங்க மேடம்" என்று கிளார்க் உண்மையையும் சொல்லித் தொலைத்தார். எனக்கு அதெல்லாம் உறைக்கவே இல்லை. அவ்வளவு சந்தோஷமாகக் கிளம்பினேன்.

வகுப்பு வாசலில் ஒரு பெண் தனியாக நின்றுகொண்டிருந்தாள். தொப்பியைக் காது மறையும்படி இழுத்துவிட்டிருந்தாள். இந்த முகத்தை நேற்று நான் பார்க்கவில்லை என்று நிச்சயமாகத் தெரிந்தது.

"என்னால உங்களுக்கு ஒன்பது நாள் போச்சாமே மிஸ்" என்றாள். அலுவலக வாசலில் ஒட்டுக்கேட்டுப் பதினான்கு சொல்லியிருப்பாள்.

"உன்னால இல்ல, என்னால. தலையைக் காட்டு பாக்கலாம்."

"சிரிப்பீங்க."

"சிரிக்கத்தான் செய்வேன்."

வராந்தாவில் வேறு யாரும் இல்லையே என்று அவள் பார்த்துக்கொண்டாள். பிறகு தொப்பியைக் கழற்றினாள். இடது பக்கம் தோள் வரை முடி. வலது பக்கம் எலி கடித்த மாதிரி, காதுக்கு மேலேயே நின்றுவிட்டது. நான் அவசரப்படாமல் நன்றாகப் பார்த்தேன்.

"பாத்துட்டேன்" என்றேன். "உள்ளே போய் உட்காரு."