யேசுராசாவின் ஐஸ்லாந்துக் கம்பளி

"கோட்டுச் சூட்டு இல்லாமல் என்ரை தம்பியைக் குழிக்குள்ள இறக்க விடமாட்டன்!"

"அவர் ஆஸ்பத்திரியில கேட்டது இந்தக் கம்பளிச் சட்டையைத்தான், மச்சாள்."

"கேப்பான். எவளோ வெள்ளைக்காரி பின்னிக் குடுத்ததைப் போட்டுக்கொண்டோ ஆண்டவரிட்டைப் போறது?"

மெல்பேர்னில், ட்ருகனினா வீட்டுக் குசினிக்குள் செத்தவரின் அக்காவும் மனைவியும் முட்டிக்கொண்டு நின்றார்கள். பத்து மணிக்குள் யேசுராசாவின் உடுப்பை, உடலை வைத்திருக்கும் மலர்ச்சாலையில் கொடுக்க வேண்டும்.

ஐஸ்லாந்தில் மீன் தொழிற்சாலையில் ஏழு வருஷம் வேலை செய்தவர் அவர். 2008இல் அங்கே வங்கிகள் கவிழ்ந்து, சம்பளம் பாதிப் பெறுமதியானதும், மெல்பேர்னுக்கு வந்து மாக்கிறேட்டைக் கட்டினார். கூடவே வந்தது அந்தச் சட்டை. பின்னியவள் ஒரு வெள்ளைக்காரி என்பது கோயிலில் எல்லோருக்கும் தெரியும். யாரும் அவரிடம் கேட்டதில்லை. அதனால்தான் அவ்வளவு நிச்சயமாகத் தெரியும்.

செத்த வீட்டுக்குச் சிட்னியிலிருந்து வந்த அக்காக்காரி றீற்றா இன்று கத்தியதை மாக்கிறேட் பத்து வருஷமாக மனதுக்குள் சொல்லிவந்தாள். கேட்டால் ஒரு பெயர் வரும், பெயரோடு முகமும் வரும் என்று பயம். புருஷனின் கடைசி ஆசையைத் தட்டவும் முடியவில்லை, முகம் தெரியாதவளின் கைவேலைக்குள் அவரைப் பொதிந்து அனுப்பவும் மனம் வரவில்லை.

"ஸ்டொப் இட், ரெண்டு பேரும்!" என்றாள் றீற்றாவின் மகள் பிறின்சி. மாமாவின் போனில் தொழிற்சாலை மேற்பார்வையாளர் சிகுர்தூரின் இலக்கம் இருந்தது. வீடியோவில் எடுத்தாள். அங்கே கோடைகாலம், இரவு பதினொரு மணி. ஆனால் கிழவரின் முகத்தில் வெயில் அடித்தது. செய்தி கேட்டு மூக்கைச் சிந்தினார்.

"கேள் பிள்ளை," என்றாள் மாக்கிறேட். "ஆர் பின்னினதெண்டு கேள்."

பிறின்சி கேட்டாள். கிழவர் விழித்தார். பிறகு கதிரை அதிரச் சிரித்தார்.

"மாமி, மாமாதானாம் பின்னினது! மாரியில பகல் நாலு மணித்தியாலம்தானாம். புயலெண்டால் வள்ளமும் போகாது, மீனும் வராது. எல்லாரும் கன்ரீன்ல இருந்து பின்னுவினமாம். மாமா நாலு தரம் குலைச்சுப் பின்னினவராம். அக்காவுக்கு மட்டும் சொல்லிப்போடாதேங்கோ எண்டவராம்."

"என்ரை தம்பியோ? பொம்பிளையள் மாதிரியோ?" றீற்றா வாயைப் பொத்தினாள். பொத்திய கைக்குள்ளிருந்து சிரிப்பு வெடித்தது.

மாக்கிறேட் சட்டையை விரித்தாள். இடது கை இரண்டு அங்குலம் நீளம். அளவு தெரியாத மூதேவி என்று ஒவ்வொரு குளிர்காலமும் யாரையோ திட்டிக்கொண்டே அந்தக் கையை மடித்துவிட்டவள் அவள்.

"கடவுளே, அவரைத்தானே திட்டியிருக்கிறன்," என்று சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி சிரித்தாள். செத்த வீட்டில் இதென்ன கூத்து என்று பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்கள். ஒன்பதரைக்குச் சட்டை மலர்ச்சாலைக்குப் போனது. கொண்டுபோனது றீற்றாதான்.

நிலத்தடி வெந்நீராவியில் மின்சாரம் எடுக்கும் படிப்புக்கென்று பிறின்சி மறுவருஷம் ஐஸ்லாந்து போனாள். படித்ததோடு நிற்காமல் சிகுர்தூரின் பேரனையும் கட்டிக்கொண்டாள். பிள்ளை பிறந்தபோது குளிருக்குப் பயந்து றீற்றா போகவில்லை. மாக்கிறேட் போனாள், இன்னும் திரும்பவில்லை.

அங்கே குழந்தைகளை வண்டிலில் வைத்து வெளியில்தான் தூங்கவிடுவார்களாம். போனில் பார்த்த றீற்றா சிட்னியிலிருந்து கத்துகிறாள்: "மாக்கிறேட், பிள்ளையை உள்ள எடு! தடிமன் பிடிக்கப்போகுது!"

மாக்கிறேட் வாசற்படியில் தேத்தண்ணியோடு இருக்கிறாள். வண்டிலின் மூடியில் பனி மெல்ல விழுகிறது, உள்ளே குறட்டை.