முகம் மறைக்கும் வேலை

நவ்ரஸிடம் இருந்த எடிட்டிங் மென்பொருள் திருட்டுப் பிரதி. திறக்கவே பத்து நிமிடம் ஆகும். திறந்த பிறகு எப்போது மண்டையைப் போடும் என்று சொல்ல முடியாது. ஆறு வருடமாக அதோடுதான் மாரடித்தாள். பிஸெர்த் நகரின் துறைமுகக் கால்பந்துக் கழகத்தின் ரசிகர் கூட்டம் தன் அணிக்காகப் பாட்டுக் கட்டும். பையன்கள் மைதானத்தில் கைபேசியில் படம் பிடிப்பார்கள். இரண்டையும் சேர்த்து வீடியோவாக்குவது இவள். மைதானத்துக்குள் மட்டும் ஒரு நாளும் கால் வைத்ததில்லை. பெண்பிள்ளை எடிட் செய்யலாம், அங்கே வந்து நிற்கக்கூடாது! நல்ல நியாயம்.

கூட்டத்துக்குக் கறாரான சட்டம் ஒன்று உண்டு. வீடியோவில் யார் முகமும் தெரியக்கூடாது. மறைத்து முடித்த கையோடு மூலப் படத்தை அழித்துவிட வேண்டும். மடிக்கணினி எந்த நாள் காவல் நிலையத்துக்குப் போகும் என்று யார் கண்டது? நவ்ரஸ் ஒவ்வொரு முகத்தின் மேலும் ஒரு மங்கல் வட்டத்தை வைப்பாள். முகம் நகர நகர வட்டத்தையும் கையாலேயே நகர்த்துவாள். ஒரு நொடிப் படத்தில் இருபத்தைந்து சட்டகங்கள். கண் பூத்துப்போகும்.

வெள்ளிக்கிழமை பெரிய ஆட்டம். புதன் காலையில் மடிக்கணினி மூன்றாம் முறையாக உறைந்து நின்றது. மைதானத்தில் கோஷத்தைத் தொடங்கி வைக்கும் தலைவன் மொந்தர் போனில் கத்தினான்.

"இன்னும் அந்தக் கிழட்டுக் கழுதையையா ஓட்டிட்டிருக்க? லிங்க் அனுப்பறேன், இறக்கிக்க. இலவசம். மொகத்த அதுவே கண்டுபிடிச்சு மறைச்சிரும்."

"சரியா மறைக்கலன்னா?"

"நீதான் கடைசில பாக்கப் போறியே, அப்புறமென்ன?"

பார்க்கத்தான் செய்தாள். நான்கு நாள் வேலை நாற்பது நிமிடத்தில் முடிந்த மயக்கத்தில் பார்த்தாள். கணினி பழசு என்பதால், ஓட்டிப் பார்க்கும்போது அந்த மென்பொருள் நடுநடுவே சட்டகங்களைத் தாவிக்கொண்டு போனது. அது அவளுக்குத் தெரிந்தே இருந்தது. சட்டகம் சட்டகமாகத் தட்டிப் பார்க்கச் சோம்பல்பட்டாள், வேறொன்றுமில்லை.

மத்தியானம் பெரியம்மா மகன் கஸ்ஸேன், முட்டை வைத்துப் பொரித்த சூடான பிரீக்கைக் கடித்துக்கொண்டே வந்தான். மைதானத்தில் தடைசெய்த சிவப்பு மத்தாப்பைக் கூட்டத்தின் நடுவில் உயர்த்திப் பிடிப்பவன் அவன்தான். போன குளிர்காலத்தில் அதற்காகப் பிடிபட்டான்; தண்டனையை நிறுத்திவைத்து அவனை வெளியே விட்டிருந்தார்கள்.

"அண்ணா, கோர்ட்ல சொன்னது ஞாபகம் இருக்கா? இன்னொரு தடவ மாட்டினா ரெண்டு வருஷம் உள்ள."

"மாட்டினாத்தானடி. எம்மொகம் உங்கையில இருக்கு, எனக்கென்ன பயம்?"

"முட்டை ஒழுகுது பாரு, மொதல்ல வாயத் தொடை."

அன்று மாலை வீடியோவை ஏற்றினாள். கூட்டத்தின் சட்டப்படி மூலப் படத்தை அழித்தாள்.

மறுநாள் பதினொரு மணிக்குள் நாற்பதாயிரம் பேர் பார்த்துவிட்டார்கள். பெருமையோடு கருத்துகளைப் படித்துக்கொண்டே வந்தவள் ஓரிடத்தில் நின்றாள். "ரெண்டாவது நிமிஷம் பதினாலாவது நொடியில நம்ம சிங்கத்தப் பாருங்கடா!"

போய்ப் பார்த்தாள். கஸ்ஸேனின் முகத்துக்குக் குறுக்கே சிவப்புப் புகை உருண்டு வந்தது. புகையின் சுழியை முகம் என்று எண்ணிய மென்பொருள், மங்கல் வட்டத்தைப் புகையோடு அனுப்பிவிட்டது. புகை விலகியதும் கஸ்ஸேன் கையில் மத்தாப்போடு வாய் நிறையப் பாடிக்கொண்டு நின்றான். ஒரே ஒரு நொடிதான்.

நவ்ரஸ் உடனே வீடியோவை நீக்கினாள். என்ன பயன்? அதற்குள் பத்து ரசிகர் பக்கங்களில் அந்த முகத்தைப் படமாக வெட்டி ஒட்டிக் கொண்டாடிக்கொண்டிருந்தார்கள். கஸ்ஸேனுக்குப் போன் செய்தாள். சபீஹா பெரியம்மா எடுத்தாள்.

"காலையிலயே போலீஸ்காரங்க வந்து கூட்டிட்டுப் போயிட்டாங்கடி. செருப்புக்கூடப் போட விடல."

இரண்டு மாதம் கழித்துத் தீர்ப்பு வந்தது. சொன்னபடியே இரண்டு வருடம். அன்றே மொந்தர் கூப்பிட்டான்.

"உள்ள போனவனுக்காக அவன் மொகத்தக் காட்டி வீடியோ போடறது நம்ம வழக்கம். நீதான் செய்யணும்."

"என்னால முடியாது."

"உன்ன விட்டா யாரு?"

மறுநாள் பெரியம்மாவே வந்து மடிக்கணினி முன்னால் உட்கார்ந்தாள்.

"பெரியம்மா, நான்தான்... நான் சரியாப் பாக்கல."

"தெரியும்," என்றாள் பெரியம்மா. திட்டியிருந்தால் தேவலை. "வீட்டுல இருக்கற போட்டோல எல்லாம் உம்முனு இருக்கான். அவன் அங்க நின்னு பாடி நான் பாத்ததே இல்ல. அதக் காட்டு."

நவ்ரஸ் ஆறு வருட வீடியோக்களைத் திறந்தாள். வெயிலில், மழையில், வேலியின் மேல், நண்பன் தோளின் மேல் என்று எல்லாவற்றிலும் கஸ்ஸேன் இருந்தான். எல்லாவற்றிலும் அவன் கழுத்துக்கு மேலே ஒரு மங்கல் வட்டம், அவள் கையாலேயே ஒரு பிசகும் இல்லாமல் வைத்தது. மூலப் படம் ஒன்றுகூட மிச்சமில்லை.

"இதுல எங்கடி அவன்?" என்றாள் பெரியம்மா.

கடைசியில், இணையத்தில் நீக்கியும் கணினியில் தங்கியிருந்த அந்த ஒரு நொடியைப் போட்டாள். புகை விலகியது, கஸ்ஸேன் பாடினான், படம் முடிந்துவிட்டது.

"எவ்வளவு சந்தோஷமா இருக்கான்," என்றாள் பெரியம்மா. "இன்னொரு தடவ போடு."

நவ்ரஸ் போட்டாள்.

"இன்னொரு தடவ."