தலையணையில் வழிந்த மாத்திரை

பேருந்து ஓட்டுநரின் மனைவிக்கு முடி திரும்ப முளைத்தது கணவனுடைய எச்சிலால். முன்பொரு விஷக்காய்ச்சலில் அவள் தலைமுடி புருவத்தோடு சேர்ந்து உதிர்ந்திருந்தது. அதன் பிறகு அவள் வாசற்படி தாண்டியதில்லை. வீட்டுக்குள்ளும் தலையில் துண்டுதான். ஓட்டுநருக்கோ நேரங்கெட்ட நேரத்தில் சாப்பிட்டுச் சாப்பிட்டு வயிற்றில் புண். நெஞ்செரிச்சல் மாத்திரையை வாயில் அடக்கியபடியே தூங்கிவிடுவார்; அது கரைந்து தலையணையில் வழியும். ஒருநாள் தலையணைகள் மாறிப்போயின. மறுவாரம், அவள் காதுக்கு மேலே ஈரம் பட்ட இடத்தில் மட்டும் வட்டமாக முடி அரும்பியிருந்தது. முகம் பார்க்கும் கண்ணாடியைச் சுவரிலிருந்து எப்போதோ கழற்றி வைத்துவிட்டதால் விரலால் தடவித்தான் நம்பினாள்.

"அருவருப்பாத்தான் இருக்கு. ஆனா முளைக்குதே!" என்று அழுதாள்.

அன்றிலிருந்து ஓட்டுநர் மாத்திரையைத் தண்ணீரில் குழைத்து அவள் தலையில் பூசினார். மழைக்காலம் முடிவதற்குள் பின்னல் முழங்காலைத் தொட்டது. ஜன்னல் வழியே அதைப் பார்த்த மருந்துக்கடைக்காரர் பார்த்த கையோடு ஊரெல்லாம் சொன்னார். வயிற்றுவலியைவிட வழுக்கைக்கே அதிகம் வெட்கப்படும் ஊர் அது. அந்த மாத்திரைக்காக வங்கி மேலாளரும் தலைமையாசிரியரும் கடையில் முண்டியடித்தார்கள். வயிற்றுப்புண்காரர்கள் வெறுங்கையோடு திரும்பினார்கள். பழகிய தோஷத்துக்காக ஓட்டுநருக்கு மட்டும் வாரம் ஓர் அட்டை கிடைத்தது. அது முழுவதும் அவள் தலைக்கே போனது.

"உங்களுக்கு வேணாமா?"

"எனக்கு இப்பல்லாம் எரிச்சலே இல்லம்மா."

அது பொய்யென்று, பணிமனையில் ரத்தமாக வாந்தியெடுத்தவரை நடத்துநர் தாங்கிக்கொண்டு வந்த மதியம் தெரிந்தது. மாத்திரை இல்லாமல் பிழைக்க மாட்டார் என்றார் மருத்துவர்; கடையிலோ ஓர் அட்டைகூட மிச்சமில்லை. அந்த மருத்துவரின் முன்மண்டையிலும் புதுமுடி பளபளத்தது.

அவள் குனிந்து முகம் துடைத்தபோது பின்னல் அவர் வயிற்றில் விழுந்தது. முனகல் நின்றது. எடுத்தாள், மறுபடி துடித்தார். அத்தனை காலம் குடித்த மருந்தையெல்லாம் முடி சேர்த்து வைத்திருந்தது. அன்று முதல் அவர் வயிற்றில் பின்னலைக் கிடத்தி அவள் கட்டிலை விட்டு நகராமல் இருந்தாள். அவர் எழுந்து உட்காரும் அளவுக்குத் தேறினார். ஆனால் பின்னல் விலகினால் எரிந்தது. இப்படியே கட்டுண்டு கிடந்தால் பேருந்தை யார் ஓட்டுவது? கத்தரிக்கோலை எடுத்தாள். பின்னலை நுனிவரை ஒருமுறை தடவினாள். அந்த முடியின்மீது அவளுக்கு உயிர்.

"வேணாம்மா. மறுபடி துண்டைக் கட்டிக்கிட்டு உள்ளயே கிடப்பியா?"

"வந்தா மலை, போனா மயிர்," என்று ஒட்ட வெட்டி, பின்னலை அவர் இடுப்பில் சுற்றிக் கட்டினாள்.

மறுநாள் அவர் சட்டைக்குள் பின்னலோடு வேலைக்குப் போனார். மதியம் அவள் மொட்டைத்தலையோடு, துண்டில்லாமல், சாப்பாடு எடுத்துக்கொண்டு பேருந்து நிலையத்துக்குப் போனாள். பார்த்தவர்கள் பார்த்தார்கள், பிறகு உட்கார இடம் விட்டார்கள்.

அவள் தலையில் பின்பு எதுவும் முளைக்கவில்லை. அவர் இடுப்பில் இருந்தது மட்டும் வளர்ந்துகொண்டே இருக்கிறது. மாதமொரு முறை அதை அவிழ்த்து, எண்ணெய் தடவிச் சிக்கெடுத்து, நுனியை வெட்டி, மூன்றாகப் பிரித்துப் பின்னுகிறாள். முடிக்கும்வரை அவர் பல்லைக் கடித்துக்கொண்டு, கைகளைத் தூக்கியபடி அசையாமல் நிற்கிறார். அவள் அவசரப்படுவதில்லை.