பெயர் தெரியாத சிறுமி, கைக்குழந்தையுடன்

வெர்னாவின் நெற்றியில் துக்கத்துக்குப் பூசியிருந்த வெள்ளைக் களிமண் காய்ந்துபோய், அவள் குனியும்போதெல்லாம் கீபோர்டின் மேல் உதிர்ந்தது. ஊதித் தள்ளிவிட்டு மறுபடி தட்டினாள். அக்கா செத்து மூன்றாம் நாள். கூடப்பிறந்தவள் இந்நேரம் ஊருக்கு மேற்கே துக்கக் கூடாரத்தில் தரையோடு தரையாக உட்கார்ந்திருக்க வேண்டும். ஆனால் கூடாரமே அவளை இங்கே விரட்டியிருந்தது. அக்காவின் பெயரை இணையத்திலிருந்து எடுத்துவிட்டு வா, அப்புறம் வந்து உட்காரு என்று சொல்லிவிட்டார்கள்.

அந்தப் பெயரை இங்கேயும் எழுதுவதாக இல்லை. பாலைவனத்துப் பூர்வகுடிகளின் இந்த ஊரில் ஒருவர் செத்தால் அவருடைய பெயரும் கூடவே படுத்துவிடும். பல வருஷம் கழித்து, துக்கம் தீர்ந்தபின், ஏதாவது ஒரு குழந்தைக்கு வைத்து அதை எழுப்புவார்கள். அதுவரை யார் வாயிலும் வரக்கூடாது, யார் கண்ணிலும் படக்கூடாது. சொல்லியே ஆக வேண்டுமென்றால் குமன்ஜாயி என்பார்கள். செத்தவர் எல்லாருக்கும் அந்த ஒரே சொல்தான்.

வெர்னா ஓவியக்கூடத்தின் பின்னறையில் பழைய படங்களைப் பார்த்துக்கொள்பவள். அறுபத்தியொரு வயது, முழங்கால் வலி, ஒரு மேசை, ஒரு கணினி, மழை மேகம் வந்தால் நின்றுபோகும் இணையம். அங்கே இருந்ததெல்லாம் ஒரு பாதிரியார் அந்தக் காலத்தில் எடுத்த படங்கள். அசல்கள் தெற்கே நகரத்து நூலகத்தில் இருந்தன. அவர்கள்தான் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து, உலகத்துக்கே திறந்துவிடப்போகிறோம் என்று அனுப்பினார்கள். ஒவ்வொரு படத்தின் கீழேயும் ஒரு குறிப்பு. பெயர் தெரியாத ஆண், ஈட்டியுடன். பெயர் தெரியாத பெண், நாய்களுடன். பார்த்ததும் வெர்னாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஊரில் அந்த நாய்களின் பெயர்கூடத் தெரிந்தவர்கள் இருந்தார்கள்.

மூன்று வருஷம் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு கிழவர் கிழவிகள் பின்னால் அலைந்தாள். ஹெர்மன் என்ற பெரியவருக்குக் கண்ணில் பால் படர்ந்திருந்தது. முகம் தெரியாது. படத்தை மூக்குக்கு நேரே கொண்டுபோய், முகத்தை விட்டுவிட்டுக் காலைப் பார்ப்பார். "இவன் கட்டைவிரல உள்பக்கமா மடக்கி நிப்பான். எங்க மாமன்தான். வேற எவன் இப்படி நிப்பான்?" என்பார். அது நூலகத்துக்குப் பிடிபடவில்லை. கால்விரலை வைத்து எப்படி உறுதியாகச் சொல்கிறீர்கள், வேறு ஆதாரம் உண்டா, இன்னொருவர் சொல்வாரா என்று ஒரு பெயருக்கு மூன்று கடிதம் வரும். வெர்னா சளைக்காமல் பதில் எழுதினாள். துக்கம் தீர்ந்த பெயர்கள், உயிரோடு இருப்பவர்களின் பெயர்கள் என்று நானூற்றுப் பன்னிரண்டு சேர்ந்தன. ஒவ்வொன்றின் கீழேயும் சொன்னவர் ஊர்ப் பெரியவர், எழுதியவர் வெர்னா நங்காலா என்று இருக்கும்.

அதில் ஒரு படத்துக்கு மட்டும் அவள் யாரையும் கேட்கவில்லை. ஒன்பது வயதுச் சிறுமி, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, இடுப்பில் ஒரு குழந்தையோடு நிற்கிறாள். சிறுமி அக்கா. குழந்தை வெர்னா. வெர்னா குழந்தையாக இருந்ததற்கு உலகத்தில் அந்த ஒரு படம்தான் சாட்சி.

நூலகத்தில் அந்தப் படங்களுக்குத் திறப்புவிழா நடந்தது, வெள்ளரிக்காய் சாண்ட்விச் சாப்பிட்டாள், நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டாள். அதற்குப் பிறகு சாவுகள் வந்தன. சிறுநீரகம், இதயம், நெடுஞ்சாலை. ஒவ்வொரு சாவுக்கும் நூலகத்துத் தளத்தில் போய் அந்தப் பெயரை எடுத்துவிட்டு அங்கே குமன்ஜாயி என்று போட்டாள். மூன்று வருஷம் பெயர்களை ஏற்றினாள், நாலு வருஷமாக இறக்கிக்கொண்டிருந்தாள். பதினாலு பேர் ஆகிவிட்டார்கள். அக்கா பதினைந்தாவது, செத்த அன்றே அவள் பெயரையும் மாற்றிவிட்டாள்.

நேற்று கூடாரத்தில் ஏதோ ஒரு சின்னப் பெண் கைப்பேசியில் குமன்ஜாயி என்று தட்டிப் பார்த்திருக்கிறாள். யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்ற பெரிய பொதுத்தளம் ஒன்றில் ஒரு பக்கம் வந்து விழுந்தது. நூலகத்தில் மாறுவதையெல்லாம் தானாக எடுத்துக்கொள்ளும் தளம் அது. குமன்ஜாயி என்பதை ஒரு ஆளின் பெயர் என்று நினைத்து, பதினைந்து பேரையும் ஒரே ஆளாக்கியிருந்தது. பதினைந்து தாய்க்குப் பிறந்து, பதினைந்து முறை செத்த ஒரே ஆள். வேறு பெயர்கள் என்று போட்டு, கீழே அவள் எடுத்த பழைய பெயர் பதினைந்தையும் வரிசையாக அடுக்கியிருந்தது. வெர்னா பெயரைப் புதைக்கப் போட்ட சொல்லே எல்லாப் பெயரையும் தோண்டி ஒரே இடத்தில் குவித்துவிட்டது.

அந்தப் பெண் வாய்விட்டுப் படித்தாள். அக்காவின் மகள் ரோஷல் அந்தக் கைப்பேசியைப் பிடுங்கி மணலில் எறிந்தாள். பிறகு வெர்னாவிடம் வந்து நின்றாள். முகமெல்லாம் வெள்ளை, அதில் கண்ணீர் ஓடிய கோடு மட்டும் கறுப்பு.

"சின்னம்மா, அது நீங்க எழுதினதுதான?"

"ஆமாடி."

"அப்ப நீங்களே அழிங்க. வெள்ளிக்கிழமை ஆலிஸ் ஆஸ்பத்திரிலேருந்து அம்மாவ அடக்கத்துக்குக் கொண்டு வர்றாங்க. அதுக்குள்ள அந்தப் பேரு அடங்கணும். ஊரு ஒலகமே பேரச் சொல்லிக் கூப்புட்டுக்கிட்டிருந்தா அம்மா எப்படி நிம்மதியாப் போகும்?"

இன்று வியாழக்கிழமை. காலையில் முதல் வேலையாக நூலகத்துப் பிப்பாவைக் கூப்பிட்டாள். பிப்பா நல்ல பெண். வருத்தம் தெரிவிப்பதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை.

"எங்க பக்கத்துல மறைச்சிட்டோம் வெர்னா. படம், பேரு எல்லாமே. ஆனா..."

"அந்த ஆனா எத்தன எடத்துல இருக்கு?"

"எனக்குத் தெரிஞ்சு இருபத்தாறு. மத்ததெல்லாம் அந்தப் பொதுத்தளத்தப் பாத்துத் தானா மாறிடும். அது ஒண்ணு மாறினாப் போதும். ஆனா அது எங்க பேச்சக் கேக்காது."

"வெளிய குடுக்கறப்ப ஒரு வார்த்த சொல்லலியே பிப்பா."

"ஃபாரத்துல இருந்துச்சே. யார் வேணும்னாலும் எடுத்துக்கலாம்னு."

"யார் வேணும்னாலும்னா எங்க பேரப்பிள்ளைங்கன்னு நெனச்சேன். வேற யாரு வந்து எங்களத் தேடப்போறாங்க?"

போனை வைத்துவிட்டுத் தளத்தில் அந்தப் பக்கத்தைத் திறந்தாள். முதலில் பெயரை அழித்துப் பார்த்தாள். அவள் தேநீர் போடுவதற்குள் பெயர் திரும்பி வந்து உட்கார்ந்திருந்தது. மறுபடி அழித்தாள், மறுபடி வந்தது. மூன்றாம் முறை ஒரு செய்தி வந்தது. ஆந்தை41 என்று ஒரு ஆள், பூமியின் எந்த மூலையிலோ இருக்கும் அந்தத் தளத்துக் காவல்காரன். அவளுக்குத் திட்டவேண்டும் போல இருந்தது, ஆனால் அவன் மரியாதையாக எழுதியிருந்தான்.

"வணக்கம். பதினைந்து பேரை ஒருவராக இணைத்தது எங்கள் தவறு. சுட்டிக்காட்டியதற்கு நன்றி. பிரித்துவிட்டேன். இனி ஒவ்வொருவருக்கும் அவரவர் சரியான பெயரில் தனிப்பக்கம் இருக்கும்."

வெர்னா தலையில் கையை வைத்துக்கொண்டாள். வழக்கத்தை விளக்கி நீளமாக எழுதினாள். இப்படி அவள் எழுதுவது எத்தனையாவது முறை என்று கணக்கில்லை. அமைச்சருக்கு, ஆய்வாளருக்கு, தொலைக்காட்சிக்காரனுக்கு என்று எழுதி எழுதி அந்த வாக்கியங்கள் அவள் கைக்கே அலுத்துப்போயிருந்தன.

பதில் வந்தது. "உங்கள் துக்கத்துக்கு என் அனுதாபம். பக்கத்தின் மேலே ஒரு எச்சரிக்கைப் பலகை வைக்கிறேன். ஆனால் நம்பகமான ஆதாரம் உள்ள தகவலை நீக்க எங்கள் விதி இடம் தராது. இந்தப் பெயருக்கு மிக நல்ல ஆதாரம் இருக்கிறது: எழுதியவர், வெர்னா நங்காலா."

சிரிப்பு வந்தது அவளுக்கு. அடக்காமல் சிரித்தாள். அறையில் யாரும் இல்லை.

"வெர்னா நங்காலா நான்தான்" என்று தட்டினாள்.

"அப்படியானால் உங்களுக்குத் தெரிந்திருக்கும். நீங்கள் எழுதியது சரிதானே?"

அங்கேதான் அவள் கை நின்றது. சரி என்றால் பெயர் இருக்கும். தவறு என்றால்?

கேட்டாள். அவன் ஒளிக்காமல் சொன்னான். ஆதாரம் தந்தவரே தவறு என்று ஒப்புக்கொண்டால் பெயரை எடுத்துவிடலாம். ஆனால் ஒன்றில் தவறியவர் மற்றதில் தவறியிருக்க மாட்டார் என்று எப்படி நம்புவது? நானூற்றுப் பன்னிரண்டும் அதே ஆதாரம். அத்தனையும் போய்விடும். ஒருமுறை போனால், அதே ஆதாரத்தை வைத்துத் திரும்ப ஏற்ற முடியாது. "நிதானமாக யோசியுங்கள்" என்று முடித்திருந்தான்.

வெர்னா எழுந்து ஜன்னலண்டை போய் நின்றாள். மேற்கே கூடாரத்துப் புகை நேராக ஏறிக்கொண்டிருந்தது. இதைச் சொன்னால் நூலகமும் விடாது, கால்விரல் கதையை அப்போதே சந்தேகப்பட்டோம் என்பார்கள். ஹெர்மன் செத்து இரண்டு வருஷம். அவருடைய பெயர் அந்தப் பதினைந்தில் ஒன்றல்ல, அவர் தன்னைப் படமெடுக்க விட்டதே இல்லை. ஹெர்மன் என்பதும் அவர் பெயரில்லை, இந்தக் கதைக்காக நான் வைத்தது. மடியில் படத்தை வைத்துக்கொண்டு, விரலால் ஒவ்வொரு காலாகத் தடவி, தாகத்துக்குத் தண்ணீர்கூடக் கேட்காமல் சொல்லிக்கொண்டே போனவர். அத்தனையும் பொய் என்று அவள் சொல்ல வேண்டும். ஆனால் ரோஷலின் முகத்துக் கறுப்புக் கோடு கண்ணைவிட்டுப் போகவில்லை. பெயரைத் திரும்ப எழுப்ப ஊருக்குத் தெரியும், அதற்கு எந்தத் தளமும் வேண்டாம். அக்கா போவதற்கு இருப்பது நாளை ஒருநாள்தான்.

வந்து உட்கார்ந்தாள்.

"நான் எழுதியது தவறு. எனக்குத் தெரியாது."

"இந்த ஒன்றா, எல்லாமா?"

"எல்லாம்."

"சிறுமியின் இடுப்பில் உள்ள குழந்தை?"

அதை அவள் எதிர்பார்க்கவில்லை. குழந்தைக்குப் பெயர் இருந்தால் அக்கா யாரென்று ஊரில் சின்னப்பிள்ளைக்கும் தெரிந்துவிடும். வெர்னா திரையில் அந்தக் குழந்தையைப் பார்த்தாள். அக்காவின் தோளைக் கடித்துக்கொண்டிருந்தது.

"குழந்தையும் யாரென்று தெரியாது" என்று எழுதி அனுப்பினாள்.

"உங்கள் நேர்மைக்கு நன்றி" என்று பதில் வந்தது.

இணையம் மெதுவாக இருந்தது. பட்டியல் மேலிருந்து ஒவ்வொரு வரியாக மாறிக்கொண்டு வந்தது. பெயர் தெரியாத ஆண், ஈட்டியுடன். பெயர் தெரியாத பெண், நாய்களுடன். கடைசியில் அதுவும் வந்தது. பெயர் தெரியாத சிறுமி, பெயர் தெரியாத கைக்குழந்தையுடன், 1963. இனிமேல் எந்தப் பெயரைத் தட்டினாலும் அந்தப் படம் யாருக்கும் வராது. வெர்னாவுக்கும் வராது. கணினியை அணைத்து, மேசையில் கிடந்த களிமண் தூளைக் கையால் வழித்துக்கொண்டு கிளம்பினாள்.

கூடாரத்தில் எஸ்மீ பெரியம்மா முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். மகள் முறையானவள் செத்ததால் வழக்கப்படி அவளுக்குப் பேச்சு கிடையாது, மாதக்கணக்கில் கையாலேயே பேசுவாள். வெர்னாவைக் கண்டதும் விரலை மடக்கி விரித்து, முடிந்ததா என்று கேட்டாள். வெர்னாவும் கையாலேயே முடிந்தது என்றாள். பெரியம்மா கிண்ணத்திலிருந்து ஈரக் களிமண்ணை அள்ளி, உதிர்ந்துபோயிருந்த அவள் நெற்றியில் புதிதாக இழுத்துவிட்டாள்.

ரோஷல் போர்வையை நகர்த்தி இடம் விட்டாள். சாம்பலில் சுட்ட ரொட்டியில் ஒரு துண்டு பிய்த்துக் கையில் வைத்தாள்.

"என்ன சொல்லி எடுத்தீங்க சின்னம்மா?"

"நம்மளையெல்லாம் யாருன்னே எனக்குத் தெரியாதுன்னு சொன்னேன்."

"நம்புனாங்களா?"

வெர்னா ரொட்டியைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். "தெரியும் தெரியும்னு மூணு வருஷம் எழுதுனேன், ஒவ்வொண்ணுக்கும் ஆதாரம் கேட்டாங்க. தெரியாதுன்னு ஒருதரம் எழுதுனேன். ஒடனே நம்பிட்டாங்க."

ரோஷல் அவளைத் தோளோடு இழுத்துக்கொண்டாள். அப்போதுதான் வெர்னா அக்காவுக்காக முதல் தடவையாக வாய்விட்டு அழுதாள்.